வேர்க்குருவுக்கு வேப்பிலை கட்டியவன்

போன சித்திரையில் ஒருநாள் என் மகள் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தாள். மடியில் கிடந்த தன் குழந்தையைக் குப்புறப் புரட்டி, சட்டையைத் தூக்கி, "அம்மா, முதுகெல்லாம் செவசெவன்னு இருக்கு, பாரேன்" என்றாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் மனைவி போனை மார்போடு கவிழ்த்துக்கொண்டாள்.

"உங்கப்பா பக்கத்துலதான் குந்திக்கினு இருக்காரு. அவருக்குக் காட்டாத. அப்பறம் உங்க அப்பார்ட்மெண்ட்டுல இருக்கிற மரத்தையெல்லாம் மொட்டை அடிச்சிடுவாரு."

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் சிரித்தது. மாப்பிள்ளை. ஆக, அவர் வரைக்கும் போய்விட்டது.

என்னைப் பற்றிய இந்தக் கதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், சாவு வீட்டில் எடுக்கிற வரைக்கும் பொழுது போகாத நேரத்தில், பஸ் வராத நிறுத்தங்களில், எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. என்னிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. நானே எழுதினால் என் பக்கத்து நியாயம் கொஞ்சம் தெரியும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் எனக்கு வேலை. பகலெல்லாம் சேலையைப் பிரித்துக் காட்டுவேன், சாயங்காலமெல்லாம் மடித்து வைப்பேன். கருணாபுரத்தில் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். வீடு என்றால் ஒரு அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே சிமெண்ட் ஷீட். அந்த ஷீட்டுக்குக் கீழே மனிதர்கள் குடியிருக்கலாம் என்று முதலில் நினைத்தவன் யார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. வடகம் காயவைக்க ஆகும். உச்சி வெயிலில் ஷீட் டிக் டிக்கென்று முறியும். தென்னங்கீற்று வாங்கி மேலே பரப்பி, சாயங்காலம் வாளித் தண்ணீரை வீசி அடிப்பேன். அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்ளே இறங்கி, எங்களை இட்லி மாதிரி அவித்துவிட்டுப் போகும்.

அந்த அறைக்குத்தான் பங்குனிக் கடைசியில் என் மனைவி தாய் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து வயதை அப்போதுதான் தாண்டியிருந்தாள். அவள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து காற்று இறங்கும். சித்திரையிலும் விடியற்காலையில் போர்வையைத் தேடுவார்கள். அங்கிருந்து வந்தவளுக்கு நான் கொடுக்க முடிந்தது ஒரு டேபிள் ஃபேன். அதற்கும் கழுத்து திரும்பாது. ஒரே பக்கம்தான் பார்க்கும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எங்கள் வீட்டு மரியாதை எல்லாம் அடங்கியிருந்தது.

குழந்தையைப் பார்க்க அந்தச் சித்திரை முழுக்க ஆட்கள் வந்தார்கள். நைனார்பாளையத்துச் சித்தப்பா குடும்பம், கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள், அக்காவின் மாமியார் வழியில் யார் யாரோ. வந்தவுடன் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். அப்புறம் சொம்பில் தண்ணீர். அப்புறம் பாட்டில் கலர். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நாங்கள் அதைக் காதில் வாங்கக் கூடாது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரை என் மனைவி உட்காரக் கூடாது. நான் பனியனோடு இருப்பேன், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் நைலக்ஸ் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்று வேர்ப்பாள். ஒவ்வொருவரும் போகும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். "பவுடர் போடாதம்மா, தோலு அடச்சிக்கும்" என்றார் ஒருவர். மறுநாள் வந்தவர், "இன்னாம்மா, கொழந்தைக்கு ஒரு பவுடர்கூட போடாம வச்சிக்கினு இருக்க" என்றார். இரண்டு பேருக்கும் அவள் சொன்ன பதில், "செரிங்க."

என் அக்கா வீட்டுக்காரர் வருகிற நாள்தான் பெரும்பாடு. தெருமுனையிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டதும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பாதியில் எடுத்துவிட்டு அவள் எழுந்துவிட வேண்டும். அவர் முன்னால் உட்காரக் கூடாது, எதிரே நிற்கவும் கூடாது. உள்ளறை என்று ஒன்று இருந்தால் போய்விடலாம். இல்லாததால், திறந்து வைத்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் குழந்தையோடு போய் நின்றுகொள்வாள். அங்கே குழந்தை அழும். இங்கே அவர் ஃபேன் காற்றில் சாய்ந்து நாட்டு நடப்பு பேசுவார். நல்ல மனுஷர். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் வெந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் செய்ததற்குக் காரணம் இருந்தது. வைகாசி முதல் முகூர்த்தத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம்.

ஒரே தம்பி. கரும்பு வெட்டு ஆரம்பித்தால் அவள் அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்கள். இவள்தான் அந்தப் பையனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, தலை வாரி, ஓணான் அடிக்கப் போனால் முதுகில் நாலு வைத்து இழுத்துவந்து வளர்த்தவள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை இரண்டு முடிச்சுதான் போடுவான். மூன்றாவது முடிச்சு அவன் கூடப் பிறந்தவளுடையது. நாத்தனார் முடிச்சு. அதற்கென்று எங்கள் கடையிலேயே ஒரு சேலை எடுத்திருந்தோம். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. குழந்தை தூங்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் பார்த்து, பிரிக்காமலே தடவிவிட்டுத் திரும்ப வைப்பாள். ஒருநாள் பிரித்துவிட்டாள். அப்புறம் அவளே மடித்தாள். அது என் தொழில். என்னைவிட நன்றாக மடித்தாள்.

கல்யாணத்துக்கு அழைக்க அவள் அப்பா அம்மா வந்தபோது முறையில் ஒரு சிறு பிசகு நடந்தது. முதலில் எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போனார்கள். எங்கள் அம்மா காலமான பிறகு எங்கள் பக்கத்துக்கு அக்காதான் பெரியவள். அவளுக்கு வைத்த பிறகே எனக்கு வைத்திருக்க வேண்டும். அக்கா தட்டை வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள், வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அவர்கள் பஸ் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"வெத்தலை கொஞ்சம் வாடிக் கெடந்துதுடா. பாவம், உங்கூட்டு வழியா சுத்திக்கினு வந்துது இல்ல" என்றாள்.

இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. பின் தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. அவர்கள் வாசலில் வேப்பிலை தொங்குவதைக் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால், மூச்சை அடக்கிக்கொண்டு, சைக்கிளை நின்று மிதித்துக்கொண்டு, ஓரக்கண்ணால்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி குடத்தோடு தெருக்கோடி அடிபம்புக்குப் போயிருந்தாள். குழந்தை தூளியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. தூக்கினேன். சட்டை நனைந்திருந்தது. கழற்றினேன். கழுத்திலும் முதுகிலும் கை மடிப்பிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. சில புள்ளிகளின் தலையில் வெள்ளையாக, கடுகு மாதிரி, முத்து.

இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் மனைவி வரும் வரை காத்திருப்பான். பம்பு கூப்பிடு தூரம்தான். நான் குழந்தையைத் தூளியில் போட்டு, தூளிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டம்மாளிடம், "கொழந்தைய பாத்துக்குங்க, ஆத்தா வந்திருக்கா" என்றேன். முதல் பாதியைக் கேட்டு முன்னால் வந்தவர், இரண்டாம் பாதியைக் கேட்டுப் பின்னால் போனார். பிறகு எங்கள் வாசலுக்கு வெளியே, எட்டி நின்று, தூளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதில் நான் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் நான் மரம் ஏறியதில்லை. மண்ணெண்ணெய்க்கு நின்றிருந்த வரிசை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

"இன்னா தம்பி, கடைப் பேண்ட்டோட மரத்துல."

"எங்கூட்டுல ஆத்தா வந்திருக்கா" என்று மேலேயிருந்து சொன்னேன். உயரத்திலிருந்து சொன்னதால் நன்றாகக் கேட்டிருக்கும். எறும்பு கடித்தது. குதித்தபோது பேண்ட் தையல் விட்டது. ஒரு கொத்து போதும். நான் கொண்டுவந்தது ஒரு தோப்பு. கட்டக் கயிறு கிடைக்கவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வாசல் நிலையில் வேப்பிலையை இறுக்கிக் கட்டினேன். தூளியில் இலையைப் பரப்பினேன். சீப்பை ஒளித்து வைத்தேன், அம்மை வீட்டில் தலை வாரக் கூடாது. தாளிக்கவும் கூடாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுப்பு மேடையில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. கத்தரிக்காய் போட்டு, நன்றாகத் தாளித்து, மணந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாக்கடையில் ஊற்றினேன். அம்மனுக்கு நான் செய்த தியாகம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

என் மனைவி தெருமுனையில் வரும்போதே வாசலைப் பார்த்துவிட்டாள். ஓடி வரவில்லை. வந்து, குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். வெயிலில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர், ஒரு சொட்டு சிந்தவில்லை. உள்ளே போய்க் குழந்தையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, முதுகை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது வேர்க்குருங்க."

"இல்ல. முத்து முத்தா இருக்குது பாரு."

"முந்தா நாளுலருந்து இருக்குது. நுங்குத் தண்ணி தடவிக்கினு இருக்கேன். நேத்து உங்க மடியிலதான படுக்க வச்சி தடவுனேன்."

எனக்கு நினைவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள்.

"கொழம்பு எங்க?"

"ஊத்திட்டேன்."

காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "கட்டுனத அவுத்துடுங்க" என்றாள்.

முக்காலியைப் போட்டு ஏறி பெல்ட்டில் கை வைத்தேன். அதற்குள் வாசலில் தெருவே நின்றது.

"தம்பி, இன்னா பண்ற?"

"வேர்க்குருவாம். அவுக்கிறேன்."

"அவுக்கிறியா. ஆத்தாள வான்னு வாசல்ல கட்டி கூப்ட்டுட்டு, வந்தவள போன்னு தொரத்துவியா?"

"ஊரெல்லாம் மரத்து மேல நின்னு சொல்லிட்டு இப்ப இல்லங்கிற."

"மூணு தண்ணி ஊத்தாம அதுல கை வெக்காத. தெருவுல எங்க புள்ளகுட்டிங்களும் இருக்குது."

கை தானாக இறங்கியது. நான் அந்த வகை.

மூன்று தண்ணீர் என்பது, விட்டு விட்டு மூன்று தடவை வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. அது முடிவதற்குள் கல்யாணம் தாண்டிவிடும். அம்மை கட்டிய வீட்டிலிருந்து யாரும் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். போனாலும் தாலிப் பக்கம் நிற்க விட மாட்டார்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குக் குடத்தை இறக்கும்போதே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வேர்க்குரு. காத்தோட்டமா வைங்க" என்றார். எங்கள் வீட்டைப் பார்த்திருந்தால் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். திரும்பி வரும்போது தெருவில் யாரோ, "ஆத்தா போட்ட புள்ளைய ஆசுபத்திரிக்கா தூக்கினு போறாங்க" என்றார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் சொன்னது குழந்தையைப் பற்றி; தெரு பேசியது வாசலைப் பற்றி.

அன்று அவள் பெட்டியைத் திறக்கவில்லை. குழந்தைக்கு விசிறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மூணாவது முடிய பெரியப்பா பொண்ணு போட்டுடுவா" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது உளறி அவளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். வாக்கா என்று வாயெடுத்து விழுங்கினேன். அம்மை வீட்டில் வா என்றும் சொல்லக் கூடாது, போ என்றும் சொல்லக் கூடாது.

"இன்னாடா, வாயத் தொறந்து மூடற."

"ஒண்ணுமில்லக்கா."

"நானு மூணு பெத்தவ. ஒரு வருசமாச்சும் வேர்க்குருவுக்கு வேப்பெல கட்டிக்கினு இருந்தேனா? உன்ன பாத்தா சேலை விக்கிறவன் மாதிரி இருக்குதா, புடிச்சி வச்ச கோழி மாதிரி இருக்குதா?"

"புள்ளியப் பாத்ததும் கை காலு ஓடலக்கா."

"எங்க ஓடல? மரத்து மேல ஓடிக்கிது." பிறகு குரலை இறக்கினாள். "செரி, ஆனது ஆச்சி. ஆத்தா பேரச் சொல்லிக் கட்டியாச்சி, அதுக்கு மேல நானு பேச மாட்டேன். கல்யாணம் முடியட்டும். ஆடிக்கு முன்னால ஒரு நாளு போயி மொறைய செஞ்சிட்டு வரட்டும் உம் பொண்டாட்டி."

சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தக் குரலின் அடியில் வாடிய வெற்றிலை ஒன்று கிடந்தது.

அப்போதுதான் என் மனைவி கதவுச் சந்திலிருந்து வெளியே வந்தாள். நிலைப்படிக்கு உள்பக்கம், வேப்பிலைக்கு நேர் கீழே, குழந்தையோடு நின்றாள்.

"அண்ணி."

அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, அவளாகப் பேச்சை ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

"உங்க தம்பி கல்யாணத்துல மூணாவது முடி நீங்கதான போட்டீங்க. எங்கழுத்துல இருக்கிறதுல ஒண்ணு உங்களுது. அன்னிக்கு உங்கள ஒருத்தரு, நீ வராத, வேற யாராச்சும் போடட்டும்னு சொல்லியிருந்தா இன்னா செஞ்சிருப்பீங்க?"

ஷீட் முறிகிற சத்தம் கேட்டது. அக்கா வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். தெருப் பெண்கள் எல்லாரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்து போட்டிருப்பேன்" என்றாள் அக்கா. "எவ தடுக்கிறான்னு பாத்திருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆத்தாள கூப்ட்டது யாரு?"

"நானு."

"அப்ப நீ குந்து. கூப்ட்டவன்தான் வந்தவங்கள கவனிக்கணும். தண்ணி ஊத்தற வரிக்கும் நீ வூட்ட வுட்டு நவராத. இவளும் கொழந்தையும் இன்னிக்கே மஞ்சத்தண்ணில தலைக்கு ஊத்திக்கினு எங்கூட்டுக்கு வந்துடட்டும். கல்யாணத்துக்கு எங்கூட்டுலருந்து போவட்டும். இந்த வூட்டுலருந்து ஒருத்தரும் போவல."

"அக்கா, மச்சான் கல்யாணம். நானு இல்லாம..."

"உன் முடி ஒண்ணும் அங்க இல்ல."

தெருப் பெண்கள் இதை யோசித்துப் பார்த்தார்கள். அம்மனுக்குக் குறை இல்லை, வாசலில் வேப்பிலை இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறது, தெருவுக்கும் பயமில்லை. குறை கண்டுபிடிக்க முடியவில்லை. "அதுவும் செரிதான்" என்றார் பக்கத்து வீட்டம்மாள்.

அக்கா கிளம்பும்போது, "நானும் கூடப் போறேன்" என்றாள் பொதுவாக, காற்றைப் பார்த்து. "எனக்கும்தான் வெத்தலை வச்சாங்க, மொதல்லயோ ரெண்டாவதோ."

என் மனைவி ஈரத் தலையோடு, துணிப் பையும் குழந்தையுமாகப் புறப்பட்டாள். போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. பத்திரமா போ என்று நானும் சொல்லக் கூடாது. அவள் வெயிலிலும் நான் நிழலிலும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச அனுமதி இல்லாமல் போனதால்தானோ என்னவோ, அவள் முகத்தை அன்று போல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நெற்றி ஓரத்தில் அவளுக்கும் வேர்க்குரு இருந்தது.

கடைக்குச் சொல்லி அனுப்பினேன். கல்யாண சீசனில் லீவு கேட்டால் கடித்துக் குதறும் முதலாளி, அம்மை என்றதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கச் சொன்னாராம். நான் தொட்ட சேலைகளைத் தனியாக எடுத்து வைத்ததாகவும் கேள்வி.

ஃபேன் முதல்முறையாக என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தாளிக்காத மோரும் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமுமாக என் விருந்து நடந்தது. தெரு என்னைக் கைவிடவில்லை. வாசலில் இளநீர் வைத்தார்கள், பானகம் வைத்தார்கள். எல்லாம் அம்மனுக்கு. அம்மன் சார்பில் நான் குடித்தேன். ஒரு மத்தியானம் எதிர் வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்று, வேப்பிலையைப் பார்த்து, தன் மருமகள் என்னவெல்லாம் செய்கிறாள் என்று ஒன்று விடாமல் முறையிட்டார். உள்ளே ஆள் இருப்பதை மறந்துவிட்டார் போல. எனக்கு இருமல் வந்தது. இருமினால் அவர் அதை உத்தரவு என்று எடுத்துக்கொள்வார் என்று பயந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன்.

இதில் என் முதுகு அரிக்க ஆரம்பித்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி. நிஜமாகவே அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று முடிவு செய்து, மஞ்சளை அள்ளிப் பூசிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். வேப்பங்குச்சிகளின் மேல் புரண்டால் முதுகில் புள்ளி வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கிருந்த பெரிய பயம் அதுவல்ல. எங்கள் தெருப் பூக்காரம்மா தினமும் முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போய்ப் பூ விற்கிறவர். அவர் கூடையில் மல்லிகையோடு எங்கள் வீட்டு வேப்பிலைச் சேதியும் போயிருக்கும். கல்யாணப் பெண்ணுக்கும் அந்தப் பக்கம்தான். பெண் வீட்டார் காதில் விழுந்தால், என் மனைவியை மணமேடை ஏற விடுவார்களா? மஞ்சள் சேலையோடு பந்தலில் ஓரமாக நிற்க வைத்துவிட்டால்?

முகூர்த்த நாள் காலையில் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரேடியோ செட் பாட்டு. ஒரு மண்டபத்தில் கெட்டி மேளம் கொட்டியது. யாரோ யாருக்கோ கட்டினார்கள். நான் வாசலுக்கு உள்பக்கம் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், கும்பிட்டேன்.

முதல் தண்ணீர் ஊற்றும் நாள் மறுநாளே. விடிந்ததும் கட்டின துணியோடு பஸ் ஏறி அக்காவும் என் மனைவியும் திரும்பி வந்தார்கள். இருக்கிற புள்ளிக்கு ஒரு தண்ணீரே போதும் என்று அக்கா தீர்ப்பைச் சுருக்கிவிட்டாள். என்னைத் தெருவில் மணை போட்டு உட்கார வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் மிதந்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே தெருவுக்கும் எனக்கும் சேர்த்துக் கதை சொன்னாள்.

"பொண்ணுக்கு அத்தைக்காரி ஒருத்தி. நாங்க பந்தலுக்குள்ள காலு வெக்கல, உங்கூட்டுல ஆத்தா வந்திருக்காளாமே, பூக்காரி சொன்னாளேன்றா. பந்தலே எங்கள திரும்பிப் பாக்குது. அந்தப் பக்கம் பெரியப்பன் பொண்ணு தலை நெறையப் பூவோட ரெடியா நின்னுக்கினு இருக்கா. நானு வாயத் தொறக்கறதுக்குள்ள இவ இன்னா செஞ்சா தெரியுமா? கொழந்தை சட்டையக் கழட்டி, அந்தம்மா கையில குடுத்துட்டா. நல்லாப் பாருங்க சித்தி, வேர்க்குரு. எங்கூட்டுக்காரருக்கு பயந்த சுபாவம், வேர்க்குருவுக்கு வேப்பெல கட்டிட்டாரு. நெசமா ஆத்தா வந்திருந்தா அவரு இன்னேரம் வெள்ளிமலைக்கே ஏறிப் போயிருப்பாருன்னா."

ஒரு சொம்பு முகத்தில் விழுந்தது.

"அய்யரு மந்திரத்த வுட்டுட்டு சிரிக்கிறாரு. மலையிலருந்து பலாப்பழம் தூக்கினு வந்த ஆளுங்க, எறக்கக்கூட இல்ல, தலையில வச்சிக்கினே சிரிக்கிறாங்க. அந்த அத்தைக்காரி கொழந்தைக்கு முத்தம் குடுத்துட்டு, போம்மா, மேல போயி நில்லுன்னுட்டா."

தெரு சிரித்தது. என் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் பெண்டாட்டி புருஷனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம் வர வேண்டும். உள்ளே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அறைக்குள் அவள் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை கசங்கி, கரையில் பால் கறையோடு, இன்னும் உடம்பிலேயே இருந்தது. மலைக்காற்றில் கிடந்துவிட்டு வந்த குழந்தையின் கழுத்து சுத்தமாக இருந்தது.

"உங்கள அப்பிடி சொல்லிட்டேன்" என்றாள் தூளியைப் பார்த்தபடி.

"அத வுடு. முடி போட்டியா?"

தலையாட்டினாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்.

"தம்பி தாலிய எடுத்தான். ரெண்டு போட்டுட்டு கைய எடுத்தான். எடுத்ததும் எல்லாரும் கொஞ்சம் நவுந்துக்கினாங்க. மாமாங்க, பெரியவங்க, அய்யரு, எல்லாரும். எனக்குன்னு எடம் வுட்டு நின்னாங்க." தூளிக் கயிற்றை விட்டாள். "யாரும் சீக்கிரம் போடுன்னுகூட சொல்லலங்க. மெதுவாத்தான் போட்டேன்."

தூளி நின்றுவிட்டிருந்தது. குழந்தை தூங்கிவிட்டது.

"சேலை மாத்தணும். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு ஈர வேட்டியோடு தெருவில் நின்றேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பொறுமையாக மடித்து வைக்கட்டும் என்று நின்றேன்.